எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே ஒரு கயிறு

எழும்பூரில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த நிறுத்தம் பூங்கா. அங்கே இறங்கி ரோட்டைக் கடந்தால் சென்ட்ரல் ஸ்டேஷன். மெட்ராஸ் குழந்தைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம், எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. வழி சொன்னவர்களுக்கு மட்டும் பஞ்சமில்லை. "எழும்பூர்ல எறங்கி வெளிய வந்தா பஸ்ஸு. ஏறி ஒக்காந்தா சென்ட்ரலு. அவ்ளோதான்மா" என்று எதிர்வீட்டுக்காரர் கையை வீசிச் சொன்னார். அவர் மெட்ராஸ் பார்த்தது தன் கல்யாணத்துக்கு முன்னால். அதை நம்பித்தான் நானும் என் மாமியாரும் கிளம்பினோம்.

காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தால் சென்ட்ரல் வாசலிலேயே இறங்கியிருக்கலாம். ஆனால் அத்தைக்கும் பஸ்ஸுக்கும் ஆகாது. ஸ்ரீபெரும்புதூர் வருவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனால் செங்கல்பட்டு வழியாக ரயில், எழும்பூரிலிருந்து மட்டும் பஸ் என்று முடிவாயிற்று. அந்தக் கொஞ்ச தூரத்துக்காக ஒரு எலுமிச்சம்பழத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்.

என் வீட்டுக்காரருக்கு பம்பாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. லீவில் வந்து தாலி கட்டினார், லீவு முடிந்ததும் போய்விட்டார். அறை கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்றவருக்கு, அந்த ஊரில் அறை கிடைக்க மாதங்கள் ஆயின. கிடைத்ததும் துணை வேண்டுமே. தெருக்கோடி வீட்டுப் பெரியவரும் அவர் மனைவியும் பம்பாயிலிருக்கும் மகளைப் பார்க்கப் போவதாக இருந்தார்கள். என் டிக்கெட்டையும் அவர்களே எடுத்து வைத்துக்கொண்டு காலை பஸ்ஸிலேயே போய்விட்டார்கள். நானும் அவர்களோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. "என் மருமவள ரயில் ஏத்தறது நான்தான்" என்று அத்தை பிடிவாதமாக நின்றார். சென்ட்ரலில் சாயங்கால பம்பாய் ரயிலை விட்டால் டிக்கெட்டும் போச்சு, துணையும் போச்சு. மறுபடி ஒரு துணை அமைந்து நான் புருஷன் முகத்தைப் பார்க்கப் பொங்கல் ஆகிவிடும்.

உண்மையைச் சொன்னால், அந்த மாதங்களில் நான் குடும்பம் நடத்தியது அத்தையோடுதான். அவர் நெய்தது கோர்வைப் புடவை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அத்தை உடம்புக்குக் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவார். பக்கத்தில் உட்கார்ந்து நான் கரை நாடாவைத் தள்ளி அதோடு கோத்துவிடுவேன். நான் தென்னேரியில் வயலும் ஏரியும் பார்த்து வளர்ந்தவள், நாடாவைக் கையால் தொட்டவளில்லை. முதல் மாதம் நான் போட்ட கோர்வை கோணல் மாணலாக வந்தது. அத்தை திட்டாமல் பிரித்துக் கொடுப்பார். நாள் முழுக்கத் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தாலும் பேச நேரமிருக்காது. தறிச் சத்தத்துக்குள் என்ன பேசுவது?

அவர் என்னை அதட்டியது ஒரே ஒரு முறை. புதுப்பெண்ணாக வந்த மறுநாள் காலை, தறிக்குப் போகும் நீள நூலைத் தெரு நெடுகப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். குடத்தோடு வந்த நான், முழங்கால் உயரத்தில் இருக்கிறதே என்று காலைத் தூக்கினேன். "தாண்டாத" என்ற குரலில் குடம் நழுவப் பார்த்தது. சோறு போடும் நூல் என்று அந்தத் தெருவில் பாவைத் தாண்ட மாட்டார்கள். எவ்வளவு அவசரமென்றாலும் அது முடிகிற இடம் வரை நடந்து, சுற்றிக்கொண்டுதான் போவார்கள். நானும் கற்றுக்கொண்டேன்.

எழும்பூரில் இறங்கும்போதே ரயில் தாமதம். டிரங்குப் பெட்டி அத்தை தலையில், துணி மூட்டையும் சாப்பாட்டுத் தூக்கும் என் கையில். வெளியே வந்ததும், எதிர்வீட்டுக்காரர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும், நிஜமாகவே எதிர்ப்பக்கத்தில் சென்ட்ரல் பஸ் நின்றிருந்தது. நடுவில் எதற்கோ பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மண் மேட்டை ஒட்டி முளை அடித்து நீளமாக ஒரு கயிறு. ஜனங்கள் அதைத் தாண்டி, பள்ளத்தின் மேல் போட்டிருந்த பலகையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். நானும் தாண்டினேன், ஓடிப்போய் பஸ் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பிப் பார்த்தேன். அத்தை கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார்.

"அத்தை, தாண்டுங்க. அது பாவு இல்ல. வெறும் கயிறு."

"பாவோ கயிறோ, ஒருத்தங்க இழுத்துக் கட்டி வேல செஞ்சிக்கினு இருக்காங்க இல்லமா. அத எப்படித் தாண்டறது? தோ, சுத்திக்கினு வந்துடறேன்."

சொல்லிவிட்டு நிதானமாகக் கயிற்றின் கோடியைத் தேடி நடந்தார். கோடி எங்கேயோ இருந்தது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "ஏறும்மா, இல்லனா எறங்கு. உங்க அம்மா ஊர சுத்திக்கினு வர்ற வரைக்கும் பஸ் நிக்குமா?" என்றார். நான் இறங்கினேன். பஸ் போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கயிற்றை அறுத்துப் போடலாம் போலிருந்தது. ஒருவழியாக வந்து சேர்ந்த அத்தை, பஸ் போனதைப் பார்த்து, "போனா போவுது. நடக்கறதுக்குக் கால் இருக்குது" என்றார். பஸ் ஏறாமல் தப்பித்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

ஆனால் நடையில் அவரை மிஞ்ச முடியாது. தலையில் பெட்டியோடு அவர் முன்னால் போக, மூட்டையோடு நான் பின்னால் ஓட, வழி கேட்டுக் கேட்டு பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வந்தோம். கோபம் ஆறியபோதுதான் எனக்கு உறைத்தது, நாங்கள் இருவரும் தறி இல்லாமல், வீட்டு ஆட்கள் இல்லாமல் சேர்ந்து நடப்பது இதுதான் முதல் தடவை. கடைசியும் இதுவாக இருக்கலாம். கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"நான் போயிட்டா கரைக்கு யாரு அத்தை ஒக்காருவாங்க?"

அத்தை பெட்டியைப் பிடித்திருந்த கையை மாற்றிக்கொண்டார்.

"ஆளா கெடைக்காது? தறிக்கு ஆளு கெடைக்கும்மா. என் புள்ள அங்க ஒண்டியா பொங்கித் தின்னுக்கினு கெடக்கிறான்."

"கெடைக்கலன்னா?"

"கெடைக்கலன்னா கோர்வ வேணாம். ஒத்தையா நெய்யற பொடவையா இல்ல ஊர்ல?"

கோர்வை நெய்கிற கை வேறு புடவைக்கு இறங்காது என்று தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். எனக்குப் பம்பாயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், இப்படியே திரும்பிப் போய்த் தறியில் உட்கார்ந்துவிடலாம் என்று தோன்றியது. ரயில் தவறிப் போனால் நல்லதுதான் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அத்தை நடையைக் கூட்டினார்.

சென்ட்ரல் மணிக்கூண்டு கண்ணில் பட்டபோது மனசு பதறியது. ரயில் புறப்பட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வாசலுக்கு வந்தால், அங்கே வெள்ளை அடிக்கிறார்கள். உயரமாகச் சாரம் கட்டி, ஆட்கள் உள்ளே வராமல் இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்குமாக ஒரு கயிறு. இதற்கும் முழங்கால் உயரம்தான். சுற்றிப் போவதென்றால் டாக்ஸிகளையும் கைவண்டிகளையும் தாண்டி மறுகோடிக்குப் போக வேண்டும். நான் அந்தப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தேன். அத்தையோடு வாதாடி நேரத்தை வீணாக்குவதைவிட ஓடிவிடலாம் என்றுதான்.

அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினார். தலையிலிருந்த பெட்டியை இறக்கிக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வைத்தார். குனிந்து, வலது கையால் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாண்டினார். சாரத்தின் மேலிருந்தவர், "பாத்துமா, சுண்ணாம்பு" என்று குரல் கொடுத்தார்.

"வா, தாண்டு" என்றார் அத்தை.

ஓடினோம். தெருக்கோடிப் பெரியவர் ரயில் பெட்டி வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். டிரங்குப் பெட்டி உள்ளே போனது, மூட்டை போனது, நான் ஏறி ஜன்னலுக்கு வருவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அத்தை மூச்சு வாங்க நின்றிருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து எலுமிச்சம்பழத்தை ஜன்னல் கம்பிக்குள் நீட்டினார்.

"வயித்தப் பொரட்டினா மோந்து பாரு."

"அத்தை, எனக்காகத் தாண்டிட்டீங்களே."

ரயில் நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்தார்.

"பாவையா தாண்டினேன்? வெறும் கயிறுதானேமா" என்றார்.

நான் அழுததைப் பார்த்துப் பெரியவர் மனைவி, புருஷனிடம் போகிறவள் அழலாமா என்று தேற்றினார். நான் அழுதது அதற்கில்லை. அத்தை இனி எழும்பூருக்குத் தனியாகத் திரும்பி நடப்பார். வாசலில் அந்தக் கயிறு இருக்கும். அதை அவர் சுற்றிக்கொண்டுதான் போவார். இனி அவருக்கு என்ன அவசரம்?