கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு காது

எங்க வீட்டுக்காரரு பழனியாண்டி மாதிரி ஒரு பிடிவாதக்காரர கெடா சீமை முழுக்க சல்லடை போட்டுத் தேடினாலும் பார்க்க முடியாது. கையில ஒரு கயிறக் குடுத்து, "யாரையும் தாண்ட விடாதே"ன்னு சொல்லிட்டா போதும். பெத்த தாயே வந்தாலும் திரும்பிப் போக வேண்டியதுதான். நான் மருதம்மா, அவரு பொண்டாட்டி. புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுறவ. அந்தக் கயிறு எனக்குப் பண்ணின அநியாயத்தத்தான் சொல்லப் போறேன்.

கயிறுப் பைத்தியம் அவருக்குச் சும்மா பிடிக்கல. வெள்ளைக்காரன் காலத்துல தோட்டத்துத் துரைங்க வருஷத்துக்கு ஒரு நாள் செம்மண் ரோட்டுல மோட்டார் காடி ஓட்டிப் பந்தயம் விடுவானுங்க. கயிறும் கிடையாது, காவலும் கிடையாது. ஒரு வருஷம் இவரு வேடிக்கை பார்க்க ஆசைப்பட்டு வளைவுல போயி நின்னாரு. ஒரு காடி சறுக்கி வந்து இடது பாதத்து மேல ஏறிடுச்சு. இறங்கின துரை முதல்ல குனிஞ்சு பார்த்தது காடியத்தான். அன்னையிலேருந்து இவரு நொண்டி நடக்குறாரு.

அந்தக் காலே பின்னால அவரக் காப்பாத்துச்சு. சயாமுல ரயில் ரோடு போட சப்பான்காரன் ஆள் பிடிச்சப்ப, காலப் பார்த்துட்டு வேணாம்னு ஒதுக்கிட்டான். பக்கத்து வீட்டுப் பிரேமாவதி புருஷன் தர்மலிங்கத்த ஏத்திட்டுப் போயிட்டானுங்க. போனவருகிட்ட இருந்து ஒரு சேதி இல்ல. அவ மகளுக்கு மூணு வயசு. "அப்பா எப்படிம்மா இருப்பாரு?"ன்னு கேக்கும். காட்டுறதுக்கு ஒரு படம் கிடையாது. நாளைக்கே சப்பான்காரன் மனசு மாறி, நொண்டியும் வான்னு இழுத்துட்டுப் போனா? இவரு மூஞ்சி ஒரு படத்துலயாவது என்கிட்ட இருக்கணும்னு எனக்கு வெறியே பிடிச்சுடுச்சு.

அதுக்கு ஒரு வழியும் வந்துச்சு. நாப்பத்தி மூணாம் வருஷம், சப்பான் ராஜா பிறந்த நாள். தோட்டத்தப் பார்த்துக்கிட்டிருந்த சப்பான் துரை, அவர 'துவான்'னுதான் கூப்பிடணும், லோரிப் பந்தயம் வைங்கடான்னு உத்தரவு போட்டாரு. பெட்ரோலுக்கு எங்க போறது? மூணு கரி லோரிதான் இருந்துச்சு. பின்னால பீப்பா மாதிரி ஒரு அடுப்பு. அதுல கரிய மூட்டி அரை மணி நேரம் விசிறினாத்தான் வண்டி இருமவே ஆரம்பிக்கும். அதப் படம் பிடிச்சுப் பேப்பர்ல போடணுமாம். சுங்கை பட்டாணியில படக்கடை வச்சிருந்த நூர்தீன் பாய வரச் சொல்லியிருந்தாங்க.

வளைவுல கயிறு கட்டி நிக்கிற வேலை இவருக்கு. எனக்கு உச்சி குளிர்ந்து போச்சு. படம் எடுக்கிறது வளைவுலதானே, கயிறோட இவரும் படத்துல விழுந்துடுவாரு! காலையிலயே சட்டைய மரவள்ளிக் கஞ்சியில முக்கிக் காயப்போட்டேன். என் சிவப்புச் சேலைய ஒரு முழம் கிழிச்சுத் தலைப்பா கட்டிவிட்டேன். அவரு கடுக்கன அரிசிக்கு வித்தாச்சு, காதுல ஓட்டை மட்டும்தான் மிச்சம். ஆனாலும் மாப்பிள்ளை மாதிரிதான் இருந்தாரு.

பாய் வந்தாரு. காத்தடிச்சா பறந்துடுற மாதிரி ஒல்லி. கையில சப்பான் எழுத்துப் போட்ட துணிப்பட்டை. வந்ததும் வராததுமா கயிறத் தூக்கிக் குனிஞ்சாரு.

"பாய், அந்தப் பக்கம் போக முடியாது."

"துவான் குடுத்த பட்டை அண்ணே. இதக் கட்டினா எங்கேயும் போலாம் லா."

"பட்டைய லோரி படிக்குமா பாய்?"

"ரோட்டோரம் முட்டி போட்டாத்தான் வண்டி நல்லா விழும். பிலிம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. படம் வரலன்னா துவான் என் கன்னத்தப் பழுக்க வச்சிடுவாரு."

"கன்னம் வீங்கினா வத்திடும். என் காலப் பாருங்க, வத்திச்சா?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "விட்டுத் தொலைங்களேன்! பட்டை கட்டின ஆளுகிட்ட நமக்கு என்னா வம்பு?"ன்னு கத்தினேன். அசைஞ்சாத்தானே! மேட்டுல லோரி உறுமுற சத்தம் கேட்டுச்சு. பாய்க்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. இவரு பொத்துன்னு குந்திட்டாரு.

"ஏறுங்க, தோள் மேல. கயிறுக்கு இந்தப் பக்கம் எவ்வளவு உசரம் வேணும்னாலும் போலாம்."

திருவிழாவுல பிள்ளை உக்கார்ற மாதிரி பாய் உக்காந்துட்டாரு. இவரு எந்திரிச்சாரு, நொண்டிக் காலு ஆடுது. "புள்ள, முட்டுக் குடு!"ன்னாரு. என் முதுக அவரு முதுகுல சாய்ச்சு நின்னேன். படத்துல விழ வேண்டிய மனுஷன் பாய்க்கு ஏணி, நான் அந்த ஏணிக்கு முட்டு. பந்தயத்துல நான் பார்த்ததெல்லாம் எதுத்தாப்புல இருந்த ரப்பர் மரத்தத்தான்.

சத்தம் அடங்கினதும் திரும்பினேன். பாய் முட்டி போட ஆசைப்பட்ட இடத்துல புல்லு இல்ல, லோரிச் சக்கரம் மண்ணோட வழிச்சிட்டுப் போயிருந்துச்சு. பாய் தோள்லேருந்து இறங்கி அதப் பார்த்தாரு. மூணாவது லோரி மேட்டுலயே மூச்சு விட்டுடுச்சாம், ஆளுங்க தள்ளிக்கிட்டு வந்தாங்க. "ஒரு உசுருக்கும் கீறல் இல்ல புள்ள"ன்னு இவரு கயிறச் சுத்தி வச்சாரு. மூஞ்சி பூரா சிரிப்பு. அந்தச் சிரிப்பயாவது படம் எடுத்திருக்கலாம்.

பத்து நாள் கழிச்சுப் பாய் சைக்கிள்ல வந்தாரு. துவானுக்கு ஏகப்பட்ட சந்தோஷமாம். பேப்பர்ல போடுறப்ப அடியில வெட்டிட்டாங்களாம். முழுப் படம் ஒண்ணு எங்களுக்குன்னு தனியா கழுவிக் கொண்டு வந்திருந்தாரு. வெடுக்குன்னு பிடுங்கிப் பார்த்தேன். நடுவுல ஜம்முன்னு லோரி. கீழ் ஓரத்துல மங்கலா ஒரு தலைப்பா. அதுக்குப் பக்கத்துல ஓட்டையோட ஒரு காது.

"மூஞ்சி எங்க பாய்?"

பாய் தலையச் சொறிஞ்சாரு. இவரு எட்டிப் பார்த்துட்டு, "லோரி நல்லா விழுந்திருக்குல்ல?"ன்னாரு. அடுப்புல இருந்த கொள்ளிக்கட்டைய எடுத்திருப்பேன், பாய் இருந்ததால பொழைச்சாரு.

படத்தத் தூக்கிக்கிட்டு நேரா பிரேமாவதி வீட்டுக்குப் போனேன். "பாருடி, நான் ஆசைப்பட்டதுக்கு மிஞ்சினது ஒத்தக் காது!"ன்னு கொட்டித் தீர்த்தேன். அவ படத்த வாங்கினா. லோரியப் பார்க்கல. அந்தக் காத விரலால மெதுவாத் தொட்டா.

"எங்க அவருக்குக் காது எப்படி இருந்துச்சுன்னு நெனச்சு நெனச்சுப் பார்க்கிறேன் அக்கா, ஞாபகம் வரல."

அவ தலையத் தடவிக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்தேன். இவரு அடுப்படியில மரவள்ளிக் கிழங்கு உரிச்சுக்கிட்டிருந்தாரு. பக்கத்துல போயி படத்துல விழுந்த அந்த வலது காதப் பிடிச்சு ஒரு திருகு திருகினேன்.

"ஏன் புள்ள?"ன்னாரு.

"சும்மாதான்"னேன். விடாம பிடிச்சுக்கிட்டே நின்னேன்.