புத்தர் மலையில் கிடைத்த சொக்ஸ்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆவணி மாதம். ஊரில் சண்டை நின்றிருந்த காலம். மன்னாரில் இருக்கும் என் அக்கா குடும்பத்தைப் பார்க்க லண்டனில் இருந்து இலங்கைக்குப் போயிருந்தோம். போகிற வழியில், பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று கண்டியில் தங்கினோம்.

உண்மையைச் சொன்னால் எனக்கு எதையும் பார்க்கிற ஆசை இருக்கவில்லை. லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மொத்தக் கடையில் அரிசி மூட்டை இறக்குகிற வேலை எனக்கு. லீவு எடுப்பதற்காக அதற்கு முந்தின மாதம் முழுக்க இரட்டை ஷிப்ட் செய்திருந்தேன். விமானத்தில் ஏறும்போதே இடுப்புப் பக்கம் நாரி பிடித்துவிட்டது. ஒரு பாயைப் போட்டுப் படுக்க விட்டால் போதும் என்றிருந்தது.

எட்டு வயது மகன் விடவில்லை. விடுதி ஜன்னலால் பார்த்தால் மலை உச்சியில் பெரிய வெள்ளைப் புத்தர் சிலை தெரியும். எங்கள் வீட்டுப் பக்கம் ஓடுகிற இரண்டு தட்டு பஸ்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் புத்தரின் மூக்கு வரையும் வருமா என்று காலையில் எழும்பியதும் கேட்டான். கிட்டப் போய்ப் பார்த்தால்தான் சொல்லலாமாம். மனைவி சின்னவளோடு அறையில் நின்றுவிட, நானும் அவனும் போனோம்.

வாடகைக்குப் பிடித்த வானை ஓட்டி வந்தவர் கண்டித் தமிழர். அடிவாரத்தில் இறக்கும்போது, “சப்பாத்தைத்தான் கழட்டணும் அண்ணே, சொக்ஸ் இருக்கட்டும். இந்த நேரம் தரை கொதிக்கும்” என்றார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. மன்னார் வெயிலில் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனவன் நான் என்றேன்.

“அது அந்தக் கால் அண்ணே” என்று சிரித்தார்.

நான் கேட்கவில்லை. இரண்டு பேரின் சொக்ஸையும் கழற்றி, சப்பாத்துக்குள் அடைத்து, கீழே செருப்புப் பார்க்கிறவரிடம் கொடுத்துவிட்டு ஏறினோம். படிகளில் மர நிழல் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. மேலே முற்றம் வெட்டவெளி. மகன் அண்ணாந்து பார்த்தபடியே சிலையைச் சுற்றி ஓடினான். நாலு அடி வைத்ததும் எனக்கு உள்ளங்கால் பற்றிக்கொண்டு வந்தது. வான்காரர் சொன்னது சரிதான். லண்டன் கார்ப்பெட்டில் பழகின கால் இது.

பின்பக்கத்தில் இருந்து மகன் கத்திய சத்தம் கேட்டது. நடு வெயிலில், முன்னாலும் போக ஏலாமல் பின்னாலும் வர ஏலாமல் காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு நின்றான். ஓடிப்போய்த் தூக்கி, சிலையின் பீடத்தோடு ஒட்டிக் கிடந்த ஒரு துண்டு நிழலில் இருத்தினேன். உள்ளங்கால் இரண்டும் சிவந்து, ஒன்றில் கொப்புளமும் எழும்பிவிட்டது. அங்கிருந்து படிக்குப் போக அந்த வெயில் முற்றத்தைத்தான் கடக்க வேணும். மறுபடி அவனைத் தூக்கப் பார்த்தேன். நாரி பிடித்த பிடியில் மூச்சே நின்றுவிட்டது. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவனுக்குத் தன் பிள்ளையைத் தூக்க ஏலவில்லை.

அப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தாண்டித் தாண்டி நொண்டிக்கொண்டு வந்து அதே நிழலில் இருந்தார். முப்பது வயது இருக்கும். காற்சட்டையை மடித்து, முழங்காலுக்குக் கீழே இருந்த செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்தார். மகன் அழுகையை மறந்து பார்த்தான்.

அவர் அவனுடைய பாதத்தைப் பார்த்துவிட்டு, சிங்களம் கலந்த தமிழில் சொன்னார்: “தம்பிக்கு ரெண்டு காலும் சூடு. எனக்கு ஒண்டுதான் சூடு.”

மகன் சிரித்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். லண்டன் என்றேன்.

“அதுக்கு முந்தி?”

என் சிரிப்பு நின்றது. அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொன்னதற்காக ஒரு காலத்தில் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கப்பட்டவன் நான். கொழும்பு என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்க, என் பயம் ஒன்றும் தெரியாத மகன் முந்திக்கொண்டான்.

“அப்பா மன்னார், அங்கிள்.”

அவர் கழற்றி வைத்த காலைத் தட்டிக் காட்டி, “நான் ஆமியில இருந்தது. என்ட கால் அங்கதான் இருக்கு” என்றார். இராணுவத்தில் இருந்தபோது மன்னாரில் மிதித்த கண்ணிவெடி. யார் புதைத்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தமிழும் அங்கே கடைகளில் பேசிப் பழகினதுதானாம்.

பிறகு தன் துணிப்பையைத் திறந்து, தோய்த்து மடித்த இரண்டு தடித்த கம்பளிச் சொக்ஸை எடுத்தார். குதிகால் வடிவம் இல்லாமல் பை மாதிரி இருந்தன. செயற்கைக் காலுக்குள் உரசாமல் இருக்க அவர் போடுகிறவை. குனிந்து மகனின் கால்களில் மெதுவாக மாட்டிவிட்டார். முழங்காலுக்கு மேலே வந்து நின்றன.

அவர் போட்டிருந்தது வேர்வையில் நனைந்து கிடந்ததை நான் கண்டேன். மாற்றுச் சொக்ஸ் அவருக்குத்தான் வேணும் என்று மறுத்தேன்.

“நான் ஆறுதலாப் போறது. தம்பி நடக்கட்டும்” என்றார். ஈரச் சொக்ஸைப் பிழிந்து திரும்பப் போட்டு, காலைப் பூட்டும்போது பல்லைக் கடித்தார். பிறகு எழும்பி, கும்பிடுவதற்காகச் சிலையின் முன்பக்கம் போனார். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தான். என்னைத்தான் அவன் பிடித்து இறக்கினான் என்று சொல்ல வேணும்.

சில நாளில் மன்னாருக்குப் போனோம். பாதையோரம் முழுக்க, கண்ணிவெடி இருக்கிறது என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். மகன் வான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டான்: “அப்பா, அந்த அங்கிளின்ட கால் எந்த இடத்தில கிடக்கு?”

எனக்குத் தெரியாது என்றேன். என் அக்கா வீடு வரும்வரை அவன் வெளியே பார்த்தபடியே வந்தான்.

அந்தச் சொக்ஸை ஓட்டை விழும்வரை குளிர்காலத்தில் போட்டுக்கொண்டு படுத்தான். இங்கே லண்டனில் எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைக் கண்டால் முதல் கேள்வி, “ஊரில எவடம்?”, அதாவது எந்த இடம், என்பதுதான். நானும் கேட்கிறவன்தான், ஆனால் அந்த மலைக்குப் போய் வந்த பிறகு, பதில் என்னவாக இருந்தாலும் வந்தவரும் களைத்துத்தான் வந்திருப்பார் என்று நினைத்து, இருக்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் கேட்கிறேன்.