மண் படாத முன்சக்கரம்

பூமிநாதன் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டயரை மெதுவாகச் சுற்றி உள்ளங்கையால் தடவுகிறார். கருவேல முள் இறங்கிய இடத்தைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதாம், கைதான் சொல்லுமாம். தடவித் தடவி அந்தக் கையில் முள் ஏறாத இடமே இல்லை. இடுக்கியால் ஒன்றைப் பிடுங்கி, முனை முறியாமல் வந்திருக்கிறதா என்று வெயிலில் காட்டிப் பார்த்த பிறகுதான் அடுத்த முள். வீடு இருக்கும் பரளச்சியிலிருந்து ஒரு சுற்றுப் போய் வந்தால் இதற்கே முக்கால் மணி நேரம் ஆகிறது.

வயது நாற்பத்தொன்று. அருப்புக்கோட்டையில் லேத் பட்டறை வேலை. பன்னிரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் கியர் சைக்கிளில் கண்மாய்க் கரை, கைவிட்ட கல்குவாரிச் சரிவு என்று கிளம்பிவிடுவார். மலை இல்லாத ஊரில் மலையேறுகிற சைக்கிள் எதற்கு என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். "மலைன்னா பஸ்ஸுல போயிரலாம்ல. இங்கிட்டு உள்ள மேடுபள்ளத்துக்குத்தேன் இது வேணும்" என்றார்.

செலவில்லாமல் ஓட்டுவதில் மனுஷன் பலே ஆள். மழை பெய்தால் வண்டியை வெளியே எடுக்கமாட்டார். கரிசல் மண் ஒருதரம் கியருக்குள் அப்பினால் செயினின் ஆயுசில் பாதி போச்சு என்பார். செயினுக்கு மண்ணெண்ணெய்க் குளியல், அப்புறம் தையல் மெஷின் எண்ணெய், அதுவும் கண்ணிக்கு ஒரே ஒரு சொட்டு. பிரேக் கட்டை வழுக்கினால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். டியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. கம்பெனி ரப்பர் எது, இவர் ஒட்டியது எது என்று கம்பெனிக்காரனே வந்தாலும் சொல்ல முடியாது. "இவுகளுக்குச் சைக்கிள் கடைன்னா பேயைக் கண்ட மாதிரி" என்று அவர் மனைவி முருகலட்சுமி சொல்லிச் சிரிப்பார். இப்போதெல்லாம் சொல்வதில்லை.

அந்தச் சிக்கனம் ஒரே ஒரு தடவை வினையானது. முள் டியூப்பில் இறங்காமல் இருக்க, பழைய டயரைப் பட்டையாக அறுத்து உள்ளே வைப்பார். வெட்டிய முனையைத் தேய்த்து மழுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே டியூப்பை அறுத்துவிடும். தம்பி வீரபாண்டிக்கும் இதே சைக்கிள், இருவரும் ஒரே நாளில் வாங்கியது. நாலு வருஷத்துக்கு முன்னால் தம்பியின் வண்டிக்குப் பட்டை வைத்தபோது, பட்டறைக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு முனையை மழுக்காமல் விட்டார். குவாரிச் சரிவில் இறங்கும்போது முன்டயரில் காற்று மொத்தமாகப் போய், வீரபாண்டி பாறையில் முதுகு அடிபட விழுந்தான். இடுப்புக்குக் கீழே இன்றுவரை உணர்ச்சி இல்லை.

"கடையில விக்கிற பட்டைய வாங்கியிருக்கலாம். நாந்தேன் அறுத்தேன், நாந்தேன் வச்சேன்." என்னிடம் இதைச் சொன்னபோதும் டயரைத் தடவிக்கொண்டுதான் இருந்தார்.

தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த முன்சக்கரத்தின் கோணலை நிமிர்த்தி, புது டயர், புது டியூப், கடையில் விற்கிற பட்டை எல்லாம் வாங்கிப் போட்டார். விலை கேட்காமல் அவர் வாங்கியது அது ஒன்றுதான். "எந்திரிச்சு வந்து ஓட்டுவான்" என்றார். வீட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில், தம்பிக்குக் கை எட்டும் தூரத்தில் வண்டியைக் கவிழ்த்து வைத்தார். புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ரப்பர் முடிகள் இன்னும் உதிரவில்லை.

மருந்துக்கே சம்பளம் போதவில்லை. தம்பியின் வண்டிதான் இவர் வண்டிக்குக் கடையானது. முதலில் பெடல். பிறகு செயின், கியர், பின்சக்கரம். ஒவ்வொரு தடவையும் கேட்பார். "எடுத்துக்கண்ணே" என்பான். இவர் வண்டி நின்றால் ஞாயிற்றுக்கிழமையும் நின்றுவிடும். கண்மாயில் தண்ணீர் எவ்வளவு, குவாரியில் எந்தத் தடம் சரிந்தது என்று அண்ணன் வந்து சொல்லும் அரைமணி நேரத்துக்காகத்தான் வீரபாண்டி வாரம் முழுக்கக் காத்துக் கிடக்கிறான். ஆனால் முன்சக்கரத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாயே திறந்ததில்லை. அது இருக்கிறவரைக்கும் அவன் எழுந்து ஓட்டுவான் என்பது இருவருக்கும் உண்மை.

போன வாரம் நான் போனபோது பூமிநாதனின் முன்சக்கர ரிம்மில் விரிசல். பற்றவைத்தாலும் நிற்காதாம். தம்பியின் வண்டியில் மிச்சமிருந்தது சட்டமும் சீட்டும் ஹேண்டில்பாரும் அந்தச் சக்கரமும்தான். ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி கட்டிலருகே நின்றவர், "இந்த வாரம் போகலடா" என்றார்.

"ஏண்ணே?"

"ரிம்மு போச்சு."

வீரபாண்டி எங்களைப் பார்க்கவில்லை. கையை நீட்டி அந்தச் சக்கரத்தை ஓங்கிச் சுற்றிவிட்டான். அது சத்தமே இல்லாமல் சுற்றியது. பூமிநாதன் பிடித்து நிறுத்தப் போனார்.

"விடுண்ணே, அதுவா நிக்கட்டும்."

மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். கம்பிகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன. சக்கரம் நின்றது. வீரபாண்டி அதன் நட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, ஸ்பேனருக்குக் கையை நீட்டினான்.