மூஞ்சிப் பக்கம், வால் பக்கம்

காதிடுக்கிலிருந்து சாக்பீஸை எடுத்து, டயரின் உச்சியில் ஒரு கோடு இழுத்த பிறகுதான் அவர் வாயைத் திறக்கிறார். அதற்கு முன்னால் விற்கிறவர் என்ன சொன்னாலும், வாங்குகிறவர் என்ன கேட்டாலும் "ம்" என்பதோடு சரி. பழைய லாரிகளை விற்கும் மைதானத்தில் வண்டி பார்த்துச் சொல்வது அவருடைய தொழில். எல்லோரும் அவரைச் சாக்பீஸ் என்கிறார்கள். கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

எஞ்சினையும் பெயின்டையும் பார்த்துச் சொல்ல அங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இவரைத் தேடி வருவது பின் அச்சின் நடுவே பானை போலப் புடைத்து, இரு சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்காக. அது ஓப்பன் வகை என்றால், ஒரு சக்கரம் சேற்றில் மாட்டியதும் அது மட்டும் வீணாகச் சுற்றிக் குழி பறிக்கும். கெட்டித் தரையில் நிற்கும் மறு சக்கரம் சம்பந்தமில்லாதவர் போலச் சும்மா நிற்கும். லிமிடெட் ஸ்லிப் வகை என்றால் உள்ளிருக்கும் பிளேட்டுகளின் பிடியில் இரண்டும் சேர்ந்து இழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பானையும் ஒன்றுதான். போல்ட்டில் வகையைச் சொல்லும் தகடு தொங்கினாலும் இவர் படிப்பதில்லை. தகட்டைக் கழற்றி மாட்ட ஒரு ஸ்பானர் போதும் என்கிறார்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கிறார். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துகிறார். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுகிறார். மறு சக்கரமும் அதே திசையில் போனால் லிமிடெட் ஸ்லிப். எதிர்த் திசையில் போனால் ஓப்பன். மறுபக்கம் குந்திப் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் பஞ்சர் கடைக்காரர். அவர் வலம், இடம் என்று பேசக் கூடாது. உச்சியில் இருக்கும் கோடு கேபினை நோக்கிப் போனால் "மூஞ்சி", பின்புறம் போனால் "வால்". வேறு சொல் காதில் விழுந்தால் சாக்பீஸ் சக்கரத்தை நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

இந்தப் பழக்கம் வீடு வரைக்கும் போயிருக்கிறது. கண் டாக்டர் எந்தக் கண் உறுத்துகிறது என்று கேட்டதற்கு, "சன்னல் பக்கத்துக் கண்ணு" என்றாராம். செருப்பு எந்தக் காலில் கடிக்கிறது என்று கேட்டால், தெருப்பக்கத்துக் காலில் என்கிறாராம். "அப்ப திரும்பி நின்னா வலி அடுத்த காலுக்குப் போயிருமா?" என்று மனைவி கேட்டதை அவரே சொல்லிச் சிரிக்கிறார். சிரிக்கும்போது மேல்வரிசைப் பற்கள் மட்டுமே தெரிகின்றன.

முடிவைச் சொல்லும் வரை டீ குடிக்க மாட்டார். சொன்ன பிறகு தோளில் கிடக்கும் துண்டால் டயர்களில் போட்ட கோடுகளைச் சுத்தமாகத் துடைத்துவிடுவார். அடுத்தவர் வண்டியில் நம்முடைய எழுத்து எதற்கு என்பது அவர் கட்சி.

மைதானத்தில் வண்டி விற்கும் தரகர்களில் ஒருவர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. சென்ற மழைக்காலம் வரை சாக்பீஸ் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தார். பகலில் தூங்குவார், மாலையில் அடுத்து என்ன தொழில் செய்யலாம் என்று அக்காவுக்கு விளக்குவார். இப்போது தனியாக இருக்கிறார். ஆனால் வெகுநாட்களாக நிற்கும் பச்சை லாரியை இந்த வாரத்துக்குள் தள்ளிவிடாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி மைதானத்து முதலாளி சொல்லிவிட்டார். அதைப் பார்க்க ஒருவர் வருவதாக இருந்த அன்று காலை, சாக்பீஸ் வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனைவி கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்று. பொய் சொல்ல வேண்டாம், குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

பச்சை லாரியைப் பார்க்க வந்தவர் மரக்கடைக்கார அம்மா. மலைச்சரிவில் வெட்டும் மரங்களை மண்பாதையில் இறக்கிக் கொண்டுவருகிறார். போன மழையில் அவருடைய பழைய வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சேற்றில் சுற்றி, வண்டி பாரத்தோடு பள்ளத்தில் சரிந்தது. ஓட்டியவர் அவருடைய தம்பி. இன்றும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். இனி அவர்தான் மறுபடி ஓட்டப் போகிறார். அதனால் இரண்டு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டியாக இருந்தால் மட்டும் பேசலாம் என்று வந்தவுடனேயே சொல்லிவிட்டார். லிமிடெட் ஸ்லிப் என்று மைத்துனர் தகட்டைக் காட்டினார். அந்த அம்மா தகட்டைப் பார்த்துவிட்டு, சக்கரத்தையும் பார்த்துவிடலாம் என்றார்.

பஞ்சர் கடை அன்று பூட்டியிருந்தது. மறுபக்கம் தானே பார்ப்பதாகச் சொல்லி, அந்த அம்மா சேலையைச் செருகிக்கொண்டு குந்தினார். சாக்பீஸ் இந்தப் பக்கம் கோடு போட்டு நிமிர்வதற்குள் மைத்துனர் முந்திக்கொண்டார்.

"அக்கா, ரொம்ப சுலபம். கடிகார முள்ளு மாதிரி சுத்துதா, இல்ல மாத்தி சுத்துதா? அத மட்டும் சொல்லுங்க."

சாக்பீஸ் சக்கரத்தைத் தள்ளினார்.

"கடிகாரம் மாதிரிதான் சுத்துது" என்றார் அந்த அம்மா.

"மாமா, உங்க பக்கம்?"

சாக்பீஸ் தான் போட்ட கோட்டைப் பார்த்தார். "கடிகாரம் மாதிரிதான்."

"பாத்தீங்களாக்கா? ரெண்டும் ஒரே மாதிரி."

அந்த அம்மா எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது. உடனே தம்பிக்குப் போன் போட்டு, வண்டி கிடைத்துவிட்டது என்றார். அங்கே யாரும் பொய் சொல்லியிருக்கவில்லை. எதிரும் புதிருமாகக் குந்தி ஆளுக்கொரு சக்கரத்தைப் பார்க்கும் இருவருக்கும் அது கடிகாரம் போலத் தெரிந்தால், ஒரு சக்கரம் முன்னாலும் மற்றது பின்னாலும் போகிறது என்றுதான் பொருள். சாக்பீஸ் வலம், இடம் என்று யாரையும் பேச விடாதது இதற்காகத்தான். மைத்துனர் தெரிந்து கேட்டாரா, அவசரத்தில் கேட்டாரா என்பதை என்னால் சொல்ல இயலாது.

சாக்பீஸ் டயரின் மேல் கையை வைத்தபடி குந்தியே இருந்தார். டீக்கடைக்காரர் கொண்டுவந்து நீட்டிய கிளாஸைத் தலையசைத்து மறுத்தார். மைத்துனர் அதைக் கவனித்தார். அவருடைய சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

பிறகு சாக்பீஸ் எழுந்து வண்டியைச் சுற்றிப் போனார். இரண்டு டயர்களின் உச்சியிலும் கேபினைப் பார்த்த அம்புக்குறி ஒன்று போட்டார்.

"தம்பிகிட்ட அப்புறம் பேசலாம்மா. இங்க வால் பக்கம் வந்து நில்லுங்க. ரெண்டும் ஒண்ணா கண்ணுல படும்."

அந்த அம்மா வந்து நின்றார். சாக்பீஸ் சக்கரத்தைத் தள்ளினார். ஒரு அம்பு கேபினை நோக்கி மறைந்தது. மற்றது வால் பக்கம் நின்றவரை நோக்கி இறங்கி வந்தது. அந்த அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

"உள்ள பிளேட்டு தேஞ்சிருக்கும் மாமா. தேஞ்சா இப்படித்தான் காட்டும், உங்களுக்குத் தெரியாததா? பிளேட்டு மாத்தினா சரியாயிரும்" என்றார் மைத்துனர்.

"இருக்கலாம் மாப்ள. பிரிச்சாத்தான் தெரியும். ஆனா இன்னைக்கு சேத்துல எறக்கினா தேஞ்சதும் இல்லாததும் ஒண்ணுதான்."

அந்த அம்மா போனை மறுபடி காதில் வைத்தார். போனில் தம்பியிடம், வேறு வண்டி பார்ப்போம் என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வாசலை நோக்கி நடந்தார்.

மைத்துனர் அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பின்னறைச் சாவி யார்கிட்ட இருக்குன்னு அக்காகிட்ட கேட்டு வைங்க" என்றார். பிறகு கைக்குட்டையை எடுத்துத் தன் பக்கத்து டயரிலிருந்த அம்பை அழுத்தித் துடைத்தார்.

சாக்பீஸின் சட்டைப் பையில் போன் அடித்தது. அந்த நேரத்தில் கூப்பிடுவது அவர் மனைவி மட்டும்தான். அவர் எடுக்கவில்லை. துண்டைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை. போன் அடித்துக்கொண்டிருக்க, வண்டியைச் சுற்றிப் போய், துடைத்த டயரில் அதே இடத்தில் அம்பை மறுபடி போட்டார்.