சர்வேயர் தேவசகாயம் நின்ற பாறை

சின்னசேலம் ரயில் நிலையத்தில் சேலம் வண்டிக்காக நின்றிருந்தபோது செய்தி வந்தது. தேவசகாயம் அண்ணனின் மகள் அழைத்திருந்தாள். "மாமா, அப்பா போயிட்டாரு. காலைல பல்லு வெளக்கிக்கினு இருந்தாரு, அப்டியே சாஞ்சிட்டாரு" என்றாள். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வெள்ளிமலை நிலத்து மனுவுக்குப் பதில் வராமல் எங்கேயும் போகமாட்டேன் என்று போன வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார். சொன்ன சொல் தவறாத மனிதர், இதில் மட்டும் தவறிவிட்டார்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய பிடிவாதம் தெரியும். அவர் நில அளவையர். நான் அதே அலுவலகத்தில் மேசை வேலை பார்த்தவன், அளவைக் கருவியைத் தொட்டதுகூட இல்லை. திருநாவலூர்ப் பக்கம் ஒரு வரப்புக்காக அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு அரிவாளோடு நின்றார்களாம். இவர் நடுவில் போய்க் கருவியை நிறுத்திவிட்டு, "தள்ளி நில்லுங்கப்பா, ஒங்க நெழலு வுழுது" என்றாராம். இருவரும் தள்ளி நின்றிருக்கிறார்கள். "கண்ணு பொய் சொல்லும்யா, கருவி பொய் சொல்லாது" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. ஒருமுறை அளந்த இடத்துக்கு மறுமுறை போனதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பணி ஓய்வு பெற்றபோது மகள் ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தாள். "ஆயுசு பூரா பூமியவே பாத்தாச்சு, கொஞ்சம் மேல பாப்போம்" என்று குழந்தை போலக் குதித்தார். சனி கிரகத்தின் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. "ஏழரை முடிஞ்சவன்கூட சனியத் தேடிப் போவமாட்டான், நீங்க வண்டி ஏறிப் போறீங்களே" என்று கிண்டல் செய்தேன். "நான் வேதக்காரன்யா, எனக்கு ஏது ஏழரை?" என்றார். கள்ளக்குறிச்சியின் விளக்கு வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது, மலைக்குப் போனால்தான் உண்டு என்று என்னையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டார்.

பொங்கல் கழிந்த வாரம். வெள்ளிமலையிலிருந்து ஜீப் பிடித்து மேலே ஒரு சிற்றூருக்குப் போனோம். ஊர் ஓரத்தில் அகலமான பாறை ஒன்று இருந்தது. "நாலு பக்கமும் தெறப்பு. இங்க நின்னு வேல பாத்திருக்கேன்" என்றார். நில அளவையர் புத்தி எங்கே போகும்? ரசமட்டத்தை வைத்து முக்காலியை அங்குலம் அங்குலமாகச் சரிசெய்தார். பொழுது சாய்ந்ததும் கண்ணை வைத்துப் பார்த்தார். இருட்டு. திருகினார், தூக்கினார், சாய்த்தார். "இன்னாயா இது, ஒண்ணுமே தெரியல" என்றபோதுதான் நான் கவனித்தேன், முன்பக்கத்து மூடியை அவர் கழற்றவே இல்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். நான் அவரோடு மனம்விட்டுச் சிரித்தது அதுதான் கடைசி.

மூடியைக் கழற்றியதும் பிறை அகப்பட்டது. "யோவ், குழி குழியா கீதுயா, நம்ம மல ரோடு மாரியே!" என்று கத்தினார். நான் பார்த்தபோது நிலவு தலைகீழாகத் தெரிந்தது. வாங்கின பொருள் பழுது என்றேன். அவர் அசரவில்லை. "பழைய சர்வே கருவியிலயும் தலைகீழாத்தான் தெரியும். நிமித்திப் புரிஞ்சிக்க வேண்டியது நம்ம வேல" என்றார்.

அடுத்து சனியைத் தேடத் தொடங்கும்போது கீழேயிருந்து கைபேசி விளக்குகள் ஏறி வந்தன. பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். "அளக்கறாங்க, அளக்கறாங்க" என்று யாரோ சொல்வது கேட்டது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்த பெண்ணின் பெயர் பொன்னாயி என்று பிறகுதான் தெரிந்துகொண்டோம். தேவசகாயம் அண்ணனின் முகத்தில் விளக்கடித்துப் பார்த்தார்.

"நெலத்த அளந்து முடிச்ச. இப்ப வானத்தயும் அளக்க வந்துட்டியா?"

"இல்லம்மா, இது நட்சத்திரம் பாக்கறது. வா, நீயும் பாரு" என்றார் அண்ணன்.

"அன்னிக்கும் இதே பாறையிலதான் நின்ன. இதே மாரி ஒத்தக் கண்ண மூடிக்கினு பாத்த. நீ பாத்துட்டுப் போனப்பறம் எங்க நெலம் காடாயிடுச்சி."

அண்ணனுக்குப் பொன்னாயியை நினைவில்லை. பொன்னாயி அண்ணனை மறக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் வன எல்லையை வரையறுக்க அண்ணன் அங்கே வந்து அளந்திருக்கிறார். அந்த அளவுப்படி நட்ட எல்லைக்கல், பொன்னாயியின் சாமைக் கொல்லையைக் காட்டுக்குள் தள்ளிவிட்டது. ஏர் பூட்டக்கூடாது என்றார்கள். பிழைக்க வழியில்லாமல் அவர் கணவர் கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போனார். மரத்திலிருந்து விழுந்தவரைப் பிணமாகத்தான் கொண்டுவந்தார்கள். இதையெல்லாம் அந்தப் பெண் குரலை உயர்த்தாமல் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம்.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு, மேற்கே சனி பளிச்சென்று நின்றது. "பாருங்கண்ணா, இதுக்குத்தான வந்தோம்" என்றேன். "அது எங்கயும் போயிடாது. மூடுய்யா" என்றார். முக்காலியை நானே மடித்தேன்.

விடிந்ததும் அண்ணன் பொன்னாயி வீட்டுக்குப் போய், கொல்லையைக் காட்டச் சொன்னார். முன்பு வந்தபோது அவர் எந்தப் பழைய கல்லிலிருந்து அளக்கத் தொடங்கினாரோ, அது சாலையோரம் நின்றது. கூட வந்த பெரியவர் ஒருவர் அதைக் காலால் தட்டி, "ரோடு வெட்டறப்ப மெஷின் பேத்துடுச்சி சார். அப்பறம் இங்க கொணாந்து நட்டாங்க. நீங்க அளக்க வந்தது அதுக்கப்பறம்தான்" என்றார். அண்ணன் அந்தக் கல்லருகே குந்தி உட்கார்ந்துவிட்டார். "கருவி பொய் சொல்லலய்யா. எடம் மாறின கல்லு இது. ஊர்ல ஒருத்தரக் கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. நான் கேக்கல" என்று என்னிடம் சொன்னார். பிறகு எழுந்து, பொன்னாயியைப் பார்த்து, அத்தனை பேர் முன்னிலையில், "நான் அளந்தது தப்பு" என்றார். எங்கள் வேலையில் அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பொன்னாயி, "சரி, அந்த எல்லக்கல்லப் புடுங்கு" என்றார்.

"அதுக்கு எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"நடறதுக்கு மட்டும் இருந்துச்சா?"



அதன் பிறகு அண்ணன் வேறு ஆளாகிவிட்டார். தன் அளவையே தவறு, மறுபடி அளக்க வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டு ஒவ்வொரு அலுவலகப் படியாக ஏறி இறங்கினார். சிலர் மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பினார்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் புத்தி வந்ததா என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று இதைப் படிக்கும் நம் நண்பர்களிலேயே சிலர் பேசினீர்கள், எனக்குத் தெரியும். போகட்டும். "தப்பு பண்ணவனே வந்து தப்புன்னு சொன்னாக்கூட நம்பமாட்டேங்கறாங்கய்யா" என்று ஒருநாள் பேருந்து நிலையத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். தொலைநோக்கி பெட்டிக்குள் போனதுதான், பிறகு வெளியே வரவில்லை. சனியின் வளையத்தை அவர் கடைசிவரை பார்க்கவில்லை.

அடக்கத்தன்று பொன்னாயி மலையிலிருந்து முதல் பேருந்தில் வந்திருந்தார். யார் சொன்னார்களோ தெரியாது. வரிசையில் நின்று, எல்லோரையும் போலக் குழிக்குள் ஒரு பிடி மண் போட்டார். கையைத் தட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"இனிமே ஆபீசுக்கு யாரு போவாங்க?"

"நான் போறேம்மா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ அளக்கலியே" என்று சொல்லிவிட்டுப் பேருந்தைப் பிடிக்கப் போய்விட்டார்.

உண்மைதான். தன் அளவு தவறு என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் வாய் இருந்தது. அதை மண் போட்டு மூடிவிட்டோம். தவறான அளவின் கீழே அவர் போட்ட கையெழுத்து மட்டும் சாகாமல் இருக்கிறது, அந்த நிலமும் காடாகவே இருக்கிறது. தேவசகாயம் அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது மூன்றே சொற்கள்: "நான் அளந்தது தப்பு." அவர் அதைச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் 'நீ யார்' என்று கேட்பார்கள். அவர் சொல்லக் கேட்டவன் என்று சொல்வேன்.