பின்சக்கரக் கருப்பு

எங்கள் ஊரில் அழுக்கு என்றால் அது வெள்ளையாகத்தான் இருக்கும். விருத்தாசலத்தில் பீங்கான் ஆலைகள் இருக்கிற பக்கம் எங்கள் வீடு. காயப்போட்ட துணி, சைக்கிள் சீட்டு, வாசல் முருங்கை இலை என்று எல்லாவற்றிலும் களிமண் மாவு படிந்திருக்கும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும்போது பின்சக்கரங்கள் இரண்டும் கரி பூசியதுபோல் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. முன்சக்கரங்கள் வழக்கம்போல் வெள்ளையாக இருந்தன. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. கார் கழுவுவதை எனக்கென்று பிடிவாதம் பிடித்து வாங்கி வைத்திருந்தேன்.

கார் முதலில் சித்தப்பாவுடையது. புதுசு வாங்கியதும் பழசை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். ஆமாம், அம்மாவுக்குத்தான். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்கிற ஆசையும் கிடையாது. அம்மாவோ சூளையில் சுட்டு வருகிற வெள்ளைப் பொம்மைகளை வாங்கி, வீட்டில் பெயிண்ட் அடித்து, கொலு சமயத்தில் நெய்வேலியில் ஒரு கடைக்குக் கொடுத்துவந்தாள். முந்தைய வருஷம் பஸ்ஸில் கொண்டுபோனதில் பாதிப் பொம்மைகளுக்கு மூக்கு போய்விட்டது. மூக்கில்லாத மகாலட்சுமியை யார் வீட்டுக் கொலுவில் வைப்பார்கள்? இந்த முறையும் உடைந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார். அம்மா டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்தது அதற்காகத்தான்.

அப்பா சரக்கு ரயிலில் கார்டு. கடைசிப் பெட்டியில் தனியாளாக உட்கார்ந்து போகிற வேலை. ரயிலை இழுப்பதும் விரட்டுவதும் முன்னால் இருக்கிறவர் பாடு. அப்பாவின் கைக்கு எட்டியதெல்லாம் பிரேக் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் ஏற அவருக்குத் தெரியவில்லை. அம்மா ஓட்டப் பழகும்போதெல்லாம் இடது பக்க சீட்டில் ஏறிக்கொள்வார். பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். பிறகு அவருடைய வலது கை இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிற ஹேண்ட் பிரேக் கம்பியின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். எதிரே பஸ் வந்தால் கை கொஞ்சம் மேலே போகும். கோயில் பக்கத்துத் திருப்பத்தில் ஆட்டோ குறுக்கே வந்தால் இன்னும் கொஞ்சம் போகும். பஸ்ஸில் நாங்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வதில்லையா, அதுபோல என்று பின்சீட்டில் இருந்த நான் நினைத்துக்கொண்டேன்.

கருப்பைப் பார்க்கச் சித்தப்பா வந்தார். போனில் கார் வீடியோவாகப் பார்த்துத் தள்ளுகிற மனுஷர். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலால் தொட்டு, மோந்தும் பார்த்தார்.

"கம்மாபுரம் சுரங்கத்துப் பக்கம் ஓட்டிப் பழகினீங்களா அண்ணி? நிலக்கரி தூசு இது, வேற ஒண்ணும் இல்ல."

தேய்த்துக் கழுவினோம். அடுத்த வாரம் முழுக்க அந்தப் பக்கமே போகவில்லை. மறு ஞாயிறும் அதே கருப்பு. நிலக்கரி எங்கள் காரின் பின்பக்கத்தை மட்டும் தேடி வந்து ஒட்டுமா என்று நான் கேட்டதற்குச் சித்தப்பா என்னை உள்ளே போய்ப் படிக்கச் சொன்னார். நான் போகவில்லை.

இந்த முறை அவர் தீர்ப்பை மாற்றினார். "பிரேக் கட்டை தேஞ்சு கொட்டுற தூளுண்ணே. அண்ணி சும்மா சும்மா பிரேக்க மிதிக்கிறாங்க."

அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. "நான் அப்பவே சொன்னேன். ஒரு நாளு பிரேக்கே புடிக்காம போயிடும். ரோட்டுல போறவன் மேல ஏத்திட்டு நிக்கணுமா? வித்துத் தொலைச்சிடலாம்டா."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடியும் பஸ்ஸு, மறுபடியும் உடைந்த மூக்கு. அம்மா அழவில்லை. முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான் மிதிக்கிற பிரேக்கு பின்னாடி சக்கரத்துக்கு மட்டுந்தானா?" என்று சித்தப்பாவைக் கேட்டாள்.

"நாலுக்கும்தான் அண்ணி. சொல்லப்போனா முன்னாடிதான் ஜாஸ்தி புடிக்கும்."

"அப்ப முன்னாடி ஏன் வெள்ளையா இருக்குது? சூளையில வேவுற சரக்குல எல்லாத்துலயும் கரும்புள்ளி இருந்தா மண்ணுல குத்தம்பாங்க. சூளைக்குள்ள ஒரு தட்டுல அடுக்குனதுல மட்டும் இருந்துச்சுன்னா அந்தத் தட்டத்தான் போய்ப் பாப்பாங்க. பின்னாடிய மட்டும் புடிக்கிறது எதுங்க?"

"ஹேண்ட் பிரேக்குதான். அத எறக்காம ஓட்டினா இப்பிடித்தான் ஆவும். நீங்க எறக்கிட்டுதானே எடுக்கிறீங்க?"

"எறக்கிட்டுதான் எடுக்கிறேன்."

சொல்லிவிட்டு அம்மா நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா முருங்கை மரத்தில் காய் எத்தனை என்று பார்ப்பவர்போல் நின்றிருந்தார். ஹேண்ட் பிரேக் ஏறியிருந்தால் ஸ்டீரிங்குக்கு முன்னால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு பியூஸ் போயிருந்த விஷயம் ரொம்ப நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அன்று அம்மா அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பாவை அவருடைய தம்பிக்கு எதிரில் கேட்க வேண்டாம் என்று இருந்திருப்பாள்.

"ஒரு வாரம் பொறுங்க. அப்பவும் கருப்பா இருந்தா நானே சாவிய எடுத்துக் குடுத்துடறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் அப்பா காரில் ஏறி பெல்ட்டை மாட்டியதும், அம்மா ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். முழ உயரம், சிவப்பு வேட்டி.

"ரெண்டு கையாலயும் புடிங்க. பெயிண்ட்டு காயல. காத்து பட்டா காஞ்சிடும்."

அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எதிரே பஸ் வந்தது. அப்பா பிள்ளையாரை இறுக்கினார். "ஐயோ, தும்பிக்கைங்க!" என்று அம்மா ரோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல் கத்தினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பெயிண்ட் காயவைக்க இப்படி ஒரு வழியா என்று அம்மாவின் மூளையை மெச்சிக்கொண்டேன். தினமும் அதே பிள்ளையார்தான் வந்தார். வண்டியை நிறுத்தியதும் அம்மா இறங்கி, சூளையிலிருந்து வந்த கோப்பையைச் சோதிப்பதுபோல, புறங்கையைப் பின்சக்கரத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ச் சூடு பார்ப்பாள். பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எனக்குச் சக்கரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். பால் மாதிரி ஓடியது.

"வெள்ளை! வெள்ளைம்மா!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "நான் சொன்னப்புறம் அண்ணி மிதிக்கிறத கொறச்சிட்டாங்க, பாத்தீங்களா?" என்றார். "ஆமாங்க, நீங்க சொன்னதாலதான்" என்று அம்மாவும் தலையாட்டிவிட்டு அவருக்கு டீ போடப் போனாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சூளைக் கணக்கைச் சொன்னது யார், பெயர் வாங்கிக்கொண்டு போவது யார்?

நெய்வேலிக்குக் கிளம்பிய அன்று பின்சீட்டு முழுக்கப் பெட்டி. வைக்கோலில் சுற்றிய லட்சுமிகளும் சரஸ்வதிகளும் கூரைவரை ஏறியிருந்தார்கள். மீதி இருந்தது முன்னால் ஒரு சீட்டு. அதில் அப்பாதான் ஏறுவார் என்று அம்மா காத்திருந்தாள். அப்பா ஏறவில்லை. "எனக்கு டியூட்டி இருக்குது. புள்ளயக் கூட்டிட்டுப் போ" என்றார். அம்மா அவரையே பார்த்தாள். முகம் பூரித்துவிட்டது, மறைக்கவும் தெரியவில்லை அவளுக்கு.

என்னை உட்காரவைத்து பெல்ட்டை மாட்டிவிட்டு, அப்பா உள்ளே போய் அந்தப் பிள்ளையாரைத் தூக்கி வந்தார். என் மடியில் வைத்தார். என் கைகள் இரண்டையும் எடுத்து அதன் மேல் வைத்து அழுத்தினார்.

"இத விடவே கூடாது. நடுவுல அந்தக் கம்பி இருக்குது பாரு, அது பக்கம் கை போவக் கூடாது. அம்மா நல்லா ஓட்டுவா. போயிட்டு வாங்க."

"ஏம்ப்பா, இன்னுமா காயல?" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் ஈரமா இருக்குது" என்றார்.

அம்மா ஏனோ உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். நெய்வேலி போய்ச் சேரும்வரை கையை அசைக்காமல் பிடித்திருந்தேன். இறங்கிப் பார்த்தால் என் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுச் சிவப்புகூட ஒட்டவில்லை. ரொம்ப நல்ல பெயிண்ட் என்று நினைத்துக்கொண்டேன்.