மாதப்பன் போடாத கையெழுத்து

சர்க்கார் ஆபீசில் சம்பளப் பில் எழுதுகிறவனை மாதத்தில் ஒரு நாள் கும்பிடுவார்கள், மீதி நாளெல்லாம் வைவார்கள். அதே நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வளைந்த சகோதரர்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சம்பளத்தில் சேமநிதி என்று ஒன்றைப் பிடிக்கச் சொல்லி, ப்யூன், வாட்ச்மேன் வரைக்கும் உத்தரவு வந்த அன்று எனக்கு அந்த ஒரு நாள் கும்பிடும் போயிற்று. அறுபதுகளின் கடைசி அது. சேலத்திலிருந்து ஜில்லா பிரிந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பென்னாகரம் பக்கம் ரோடு போடும் ஒரு சின்ன ஆபீசில் நான் கிளார்க்.

மூஞ்சி தெரியாத இடம்

எங்கள் ரோலர் டிரைவர் பெருமாளுக்கு ஊர் இண்டூர். நிலத்தில் போட்டது முளைக்கும், பானையில் போட்டது இருக்கும், இந்த இரண்டைத் தவிர வேறெதையும் அவர் நம்ப மாட்டார். முதல் மாதப் பிடித்தம் ஆனதும் நேராக என்னிடம் வந்து, பணத்தை யார் வைத்திருக்கிறார், அவர் பேர் என்ன என்று கேட்டார். சென்னையில் ஒரு பெரிய ஆபீஸ் வைத்திருக்கிறது, வருஷம் முடிந்தால் சீட்டு வரும், வட்டியும் உண்டு என்று சொன்னேன். போய்ப் பார்க்கலாமா என்றார். பார்க்க ஒன்றுமில்லை, அங்கேயும் என்னைப் போல நூறு பேர் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள் என்றேன்.

ஒரு வருஷம் பொறுத்திருந்தார். சீட்டு வந்ததும் என்னை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "வாங்கினவன் மூஞ்சிய நான் பாக்கல, குடுத்தவன் மூஞ்சிய அவன் பாக்கல. நடுவால மூஞ்சியோட இருக்கறது நீங்க ஒருத்தருதானுங்க. நாளைக்கு ஒண்ணுன்னா நான் உங்களத்தான் கேப்பேன்."

சாவு எழுதிய தாள்

பணம் பிடித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். வாரிசு நியமனத் தாளைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை. 'நான் இறந்துபோனால் என் கணக்கிலுள்ள தொகையை இன்னாருக்குக் கொடுக்கவும்' என்று எழுதி, இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட வேண்டும். இன்று செவ்வாய்க்கிழமை என்பார் ஒருவர். அஷ்டமி என்பார் இன்னொருவர். தீர்த்தமலை போய்த் தீர்த்தமாடிவிட்டு வந்து போடுகிறேன் என்று ஒருவர் வாங்கிப் போனார், தாள் திரும்பவே இல்லை.

ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த காதர் பாய் மட்டும் தாளை வாங்கிய இடத்திலேயே நின்றபடி மனைவி பேரை எழுதி, கையெழுத்துப் போட்டு, மையை ஊதிக் காயவைத்து நீட்டினார். சுற்றி நின்றவர்கள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "பயமா இல்லையா பாய்?" என்றேன். "கையெழுத்துப் போட்டாத்தான் மவுத்து வரும்னா, நான் போடாமயே நூறு வருசம் இருந்துடுவேனுங்களே. அது வர்ற அன்னிக்கு வரும். அன்னிக்கு எம் பொஞ்சாதி உங்க ஆபீஸ் வாசப்படியில நின்னு கெஞ்சக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

வயிற்றில் பிள்ளை

ஒகேனக்கல் போகும் வழியில் எங்கள் இலாகாவுக்கு ஒரு பங்களா உண்டு. அதன் வாட்ச்மேன் மாதப்பன், முப்பது வயசுகூட ஆகாதவன். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ். சம்பளத்துக்குத்தான் ஆபீஸ் பக்கம் வருவான், வந்தால் எல்லாரிடமும் இரண்டு வார்த்தை பேசாமல் போக மாட்டான். அவனுடைய தாளை நானே நிரப்பினேன். மனைவி பேர் கெம்பம்மா, உறவு, வயது எல்லாம் எழுதி, சாட்சி இரண்டும் வாங்கிவிட்டேன். அது தப்பு. அவன் போட்ட பிறகுதான் சாட்சி போட வேண்டும். ஆனால் அவன் பேனாவை வாங்கி, யோசித்து, திருப்பிக் கொடுத்துவிட்டான். கெம்பம்மா அப்போது மாசமாக இருந்தாள்.

எங்கள் பக்கத்தில் மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் தேங்காய் உடைக்க மாட்டான், பிணம் தூக்க மாட்டான். என் மனைவி முதல் குழந்தையைச் சுமந்தபோது நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் அவனைக் கட்டாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. தாளை டிராயரில் போட்டேன். "எங்க வூட்ல ஏழு மாசமுங்க சார். சாவுன்னு எழுதினதுல இப்பப் போய் கை வெக்காதீங்கன்னு அது சொல்லுது. புள்ள பொறந்து பேர் வெச்சதும் மொத வேலையா வந்து போட்டுடறேன்" என்றான்.

மார்ச் மாதம்

சொன்னபடியே வந்தான். பஸ் பிடித்து, கையில் கற்கண்டுப் பொட்டலத்தோடு, அதற்கென்றே வந்தான். பெண் குழந்தை. அது மார்ச் கடைசி. மார்ச் கடைசியில் நாம் எப்படி இருப்போம் என்று உங்களுக்குத் தெரியும். டிரஷரிக்குப் போக வேண்டிய பில்கள் மேஜையில் மலையாகக் கிடந்தன. டிராயரைத் திறக்க அந்தக் கட்டுகளை நகர்த்த வேண்டும். கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, "அது எங்கே ஓடிப்போகுது, ஒண்ணாம் தேதி சம்பளத்துக்கு வரும்போது போட்டுக்கலாம் போ" என்றேன்.

அவன் முகம் கோணவில்லை. "நீங்க சொன்னா சரிங்க சார். வேலையப் பாருங்க" என்றான்.

கெம்பம்மா

ஒண்ணாம் தேதி மாதப்பன் வரவில்லை. மூன்று நாள் காய்ச்சல், தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. காரியமெல்லாம் முடிந்து கெம்பம்மா கைக்குழந்தையோடு வந்தாள். கூடவே மாதப்பனின் அண்ணன். குழந்தையின் பங்குக்குத் தானே கார்டியன் என்று வந்த வேகத்திலேயே சொன்னான். டிராயரைத் திறந்து தாளை எடுத்தேன். எல்லாம் இருந்தது, அவன் கையெழுத்தைத் தவிர. பழைய தேதியில் நானே போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை துடித்தது, தைரியம் வரவில்லை.

தாள் செல்லாது, தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்று வாங்க வேண்டும், நாளாகும் என்றேன். ஏன் செல்லாது என்றாள். கையெழுத்து இல்லை என்றேன். அவன் வந்ததையும் நான் திருப்பியனுப்பியதையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "நாந்தாங்க வேண்டான்னேன். எங் கையால நானே கெடுத்துக்கிட்டேன்" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பதினோரு மாதம்

அதன் பிறகு நான் செய்ததையெல்லாம் பார்த்தால் தர்மாத்மா என்றுதான் சொல்வீர்கள். கர்ணம் வீட்டுக்கும் மணியக்காரர் வீட்டுக்கும் அவளுக்காக நடந்தேன். மாதப்பனின் அண்ணன் போட்ட ஆட்சேபணை மனுவுக்கு நானே உட்கார்ந்து பதில் எழுதிக் கொடுத்தேன். என் செலவில் சென்னைக்கு இரண்டு தடவை தந்தி அடித்தேன். ஆபீசே என்னைப் புகழ்ந்தது. புகழப் புகழ எனக்குச் சோறு இறங்கவில்லை.

பணம் வந்த அன்று ரேகை வைத்துவிட்டு, அவள் குழந்தையை என் காலடியில் போட்டுக் கும்பிட்டாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மார்ச் மாதம், கற்கண்டு, நான் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்தவில்லை, சாபமும் விடவில்லை. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க சார். 'நீ தடுத்ததாலதான் பணம் நிக்குது, உன் வாய்தான் எம் புள்ளையவும் கொண்டுபோச்சு'ன்னு எங்க மாமியா தெனமும் சொல்லுச்சு. பதினோரு மாசமா நானும் ஆமான்னு நம்பிக்கிட்டு இருந்தேனுங்க."

ஓய்வு பெறும்வரை அதன் பிறகு கையெழுத்துப் போடாமல் ஒருவரையும் என் மேஜையைவிட்டு எழுந்திருக்க விட்டதில்லை என்பதால் ஆபீசில் எனக்கு எமகண்டம் என்று பேர் வைத்தார்கள், அந்தப் பேரை அந்த மார்ச் மாதத்துக்கு முன்பே நான் சம்பாதித்திருக்க வேண்டும்.